விண்டோஸ் 11 போட்ட பிறகு கொம்பியூட்டர் மக்கர் பண்ணினால்: ஃபோர்மட் அடிக்கும் முன் செய்ய வேண்டியவை

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை 2025 ஒக்டோபர் 14-ஆம் திகதியோடு மைக்ரோசொப்ட் நிறுத்தியதும் நம் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் பலரும் 11-க்கு மாறினார்கள். மாறிய கையோடு வைஃபை வரவில்லை, சத்தம் கேட்கவில்லை, பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ் எல்லாம் ஏதோ பாஷையில் தெரிகிறது என்று புலம்பலும் ஆரம்பமாகிவிட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் முக்கால்வாசி நேரம் கிடைப்பது ஒரே மருந்துதான்: ஃபோர்மட். அதை அடித்தால் பிரச்சினை போகும், கூடவே டீச்சரின் வினாத்தாள்களும் மகளின் உயர்தர நோட்ஸும் சீமந்தப் படங்களும் போகும். இதில் பெரும்பாலானவற்றுக்கு ஃபோர்மட் தேவையே இல்லை.

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். 10-இலிருந்து 11-க்கு அப்கிரேட் ஆனதும் பழைய விண்டோஸை அது உடனே அழிப்பதில்லை, சி டிரைவில் ‘விண்டோஸ் டொட் ஓல்ட்’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டராக 10 நாள் வைத்திருக்கும். அந்த 10 நாளுக்குள் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரி என்று போய் ‘கோ பேக்’ பட்டனை அழுத்தினால் பழைய 10-க்கே திரும்பிவிடலாம், உங்கள் ஃபைல்கள் அப்படியே இருக்கும் (அப்கிரேட்டுக்குப் பிறகு போட்ட மென்பொருட்கள் மட்டும் போகும்). 10 நாள் கழிந்தால் பட்டன் வேலை செய்யாது. ஆகவே சி டிரைவ் நிறைந்துவிட்டது என்று யாராவது அந்த ஃபோல்டரை அழிக்கச் சொன்னால், எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று நிச்சயமாகும்வரை கை வைக்காதீர்கள்.

அப்புறம், ஃபைல்களை ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ பிரதி எடுத்து வையுங்கள். கீழே சொல்லும் எதையும் தொடும் முன் இதைச் செய்யுங்கள்.

ஆமை வேகம்

மாறிய முதல் நாள் மெஷின் மெதுவாக ஓடினால் பதற வேண்டாம். தேடலுக்கான பட்டியலைப் புதிதாகப் போடுகிறது, வைரஸ் ஸ்கேன் ஓடுகிறது, ஸ்டோர் செயலிகள் எல்லாம் பின்னால் அப்டேட் ஆகின்றன. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கும். சார்ஜரில் போட்டு ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள், தூங்கப் போகாதபடி பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை நிறுத்திவிட்டு. மறுநாளும் அப்படியே இருந்தால் டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பகுதிக்குப் போய், மெஷின் திறக்கும்போதே தானாக ஓடும் தேவையில்லாததை எல்லாம் நிறுத்துங்கள். அதற்கும் மசியாவிட்டால் பெரும்பாலும் உள்ளே சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம்; அதற்குப் பதில் சுற்றாத, வேகமான எஸ்எஸ்டி ஒன்று மாற்றினால் தெரியும் வித்தியாசம். 4 ஜிபி ரெம் போதும் என்று மைக்ரோசொப்ட் சொல்வது உள்ளே நுழைவதற்கான டிக்கெட் மட்டும். சூமும் குரோமும் ஒன்றாகத் திறந்தால் 4 ஜிபி மூச்சு வாங்கும், 8 இருந்தால் நல்லது.

வைஃபை காணாமல் போனால்

இதுதான் அதிகம் வருகிற முறைப்பாடு. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது: டிரைவர் (வைஃபை போன்ற பாகத்தை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள்) டவுன்லோட் பண்ண இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். கேபிள் இழுத்துக் கொடுக்க பக்கத்தில் ரௌட்டரும் இருக்காது, தோட்டத்து லயத்தில் பெரும்பாலும் போன் டேட்டாதான்.

அந்தப் போனே போதும். அண்ட்ராய்ட் போனை சார்ஜர் வயரால் லெப்டொப்பில் குத்துங்கள், போன் செட்டிங்ஸில் ஹொட்ஸ்பொட் இருக்கும் இடத்திலேயே ‘யூஎஸ்பி டெதரிங்’ என்று ஒன்று இருக்கும், அதை ஒன் பண்ணுங்கள். வைஃபை டிரைவர் இல்லாமலேயே லெப்டொப்புக்கு இணையம் வந்துவிடும். வயர் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவு வயராக இருந்தால் அந்த ஒப்ஷன் மங்கலாகவே கிடக்கும், வேறு வயர் மாற்றிப் பாருங்கள்.

இணையம் வந்ததும் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட், அதற்குள் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’, அதற்குள் ‘ஒப்ஷனல் அப்டேட்ஸ்’. ‘டிரைவர் அப்டேட்ஸ்’ என்று ஒரு பட்டியல் அங்கே ஒளிந்திருக்கும், வைஃபை டிரைவர் பெரும்பாலும் அதிலேயே கிடைக்கும். இல்லாவிட்டால் லெப்டொப்பைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மொடல் நம்பரைப் பார்த்து, தயாரித்த கம்பனியின் சொந்த இணையத்தளத்தில் தேடி எடுங்கள். ‘எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் போடுகிறேன்’ என்று வருகிற மென்பொருட்களை நான் யாருக்கும் சொல்வதில்லை. ஒன்றைச் சரி பண்ணி, கேட்காத நாலைந்தைக் கூடவே இறக்கிவிட்டுப் போகும்.

வைஃபை பெயர் தெரிகிறது, ஆனால் அடிக்கடி அறுந்துபோகிறது என்றால் கதை வேறு. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ‘நெட்வேர்க் அடெப்டர்ஸ்’ கீழே வைஃபை பெயரில் இரட்டைக் கிளிக் செய்து, ‘டிரைவர்’ பகுதியில் ‘ரோல் பேக் டிரைவர்’ அழுத்தக் கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அழுத்துங்கள். அதோடு ‘பவர் மேனேஜ்மெண்ட்’ பகுதியில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை நிறுத்தலாம் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

டேட்டா பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் 11-இன் முழு ஃபைல் 5 ஜிபிக்கு மேல். போன் டேட்டாவில் இருப்பவர்கள் வைஃபை பெயருக்குள் போய் ‘மீட்டர்ட் கனெக்‌ஷன்’ என்பதை ஒன் பண்ணி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் பிள்ளையின் ஒன்லைன் வகுப்புக்கு டேட்டா இருக்காது. பெரிய டவுன்லோட்களை இரவு டேட்டாவில் இறக்கிவிட்டு, ரீஸ்டார்ட் பண்ணுவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் நம் மலைப்பக்கம் பின்னேரம் ஆனால் இடியும் மின்னலும். அந்த நேரம் பார்த்து டெஸ்க்டொப்பில் அப்டேட் ஓட விடுவது வம்பை விலைக்கு வாங்குவது. பாதியில் கரண்ட் போய்விட்டால், வந்ததும் மெஷினைப் போட்டுவிட்டு சும்மா இருங்கள். அநேகமாக அதுவே பழைய நிலைக்குத் திரும்பும். திரை ஒரே சதவீதத்தில் நின்றாலும் ஹார்ட் டிஸ்க் லைட் மினுக்கிக்கொண்டிருக்கும்வரை பவர் பட்டனைத் தொடக் கூடாது.

தமிழ் எழுத்துகள்

பள்ளிக்கூடத்திலும் கொமியூனிகேஷன் கடைகளிலும் இன்னும் பாமினிதான் ராஜா. பாமினியில் அடித்த வினாத்தாளைத் திறந்ததும் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்து வரிசையாக நின்றால் பயப்படாதீர்கள். அது ‘அம்மா’தான். ஃபைல் கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவே. பாமினி யூனிகோட் (ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொது முறை) அல்ல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு, அதனால் அது இல்லாத மெஷினில் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரிகிறது.

சாதாரண அப்கிரேட்டில் எழுத்துருக்கள் அநேகமாகத் தப்பிவிடும். யாராவது ‘க்ளீனாக’, அதாவது பழையதன் மேல் அல்லாமல் புதிதாக, போட்டிருந்தால்தான் போயிருக்கும். பழைய மெஷினிலிருந்தோ, டிரைவை அழிக்காமல் போட்டிருந்தால் விண்டோஸ் டொட் ஓல்ட் ஃபோல்டருக்குள் ‘விண்டோஸ்’, அதற்குள் ‘ஃபொன்ட்ஸ்’ என்ற இடத்திலிருந்தோ பாமினி ஃபைலைப் பிரதி எடுங்கள். அதில் ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டோல் ஃபோ ஓல் யூசர்ஸ்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். மெனு சுருக்கமாக வந்து அந்த வரியைக் காணவில்லை என்றால் ‘ஷோ மோர் ஒப்ஷன்ஸ்’ அழுத்தினால் பழைய நீள மெனு வரும். சும்மா ‘இன்ஸ்டோல்’ கொடுத்தால் உங்கள் கணக்குக்கு மட்டும் பதியும், சில பழைய மென்பொருட்களுக்கு அது கண்ணில் படாது. அதனால்தான் ‘ஓல் யூசர்ஸ்’.

லதா, விஜயா எழுத்துருக்களைத் தேடுகிறவர்களுக்கு: அவை இப்போது விண்டோஸோடு தானாக வருவதில்லை. செட்டிங்ஸில் ‘ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ என்று தேடி, அங்கே ‘தமிழ் சப்ளிமெண்டல் ஃபொன்ட்ஸ்’ என்பதைச் சேர்த்தால் இரண்டும் வந்துவிடும். யூனிகோட் தமிழுக்கு நிர்மலா எழுத்துரு எப்படியும் உள்ளேயே இருக்கிறது.

விசைப்பலகை மாறிப்போவது இன்னொரு தலைவலி. மின்னஞ்சலில் அட் குறி அடிக்கப்போனால் மேற்கோள் குறி விழுகிறதா? பிரிட்டன் ஆங்கிலம் வந்து உட்கார்ந்திருக்கிறது. நம்மிடம் இருக்கும் கீபோர்ட்கள் அநேகமாக அமெரிக்க அமைப்பு. செட்டிங்ஸ், ‘டைம் அண்ட் லேங்குவேஜ்’, ‘லேங்குவேஜ் அண்ட் ரீஜன்’ போய் அமெரிக்க ஆங்கிலத்தைச் சேர்த்துவிட்டு, வேண்டாததை நீக்குங்கள். தமிழையும் அங்கேயே சேர்க்கலாம், தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே கிடைக்கும். மொழி மாற்ற விண்டோஸ் பட்டனோடு ஸ்பேஸ் பார். தமிழ் அடிக்க கீமேன் மென்பொருள் பாவிக்கிறவர்கள் அதன் புதிய பதிப்பை மேலேயே ஒருமுறை மீண்டும் போட்டால் பெரும்பாலும் சரி.

சத்தம், திரை, பிரிண்டர்

சத்தம் வராவிட்டால் டிரைவரைத் தொடுவதற்கு முன், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, சத்தம் எந்தக் கருவிக்குப் போகிறது என்று பாருங்கள். எச்டிஎம்ஐ மொனிட்டருக்கோ எப்போதோ இணைத்த புளூடூத் ஹெட்செட்டுக்கோ போய்க்கொண்டிருக்கும். திரை கறுப்பாகி மெளஸ் மட்டும் தெரிந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு பி அழுத்துங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், கிராஃபிக்ஸ் டிரைவர் மீண்டும் எழும். ஸ்டார்ட் மெனு நடுவில் இருப்பது பிடிக்காதவர்கள் டாஸ்க்பார் செட்டிங்ஸில் அதை இடப்பக்கம் தள்ளலாம், அது கோளாறு அல்ல.

பிரிண்டரில் வேலை வரிசையில் நின்று அச்சாகாவிட்டால் ‘சேர்விசஸ்’ என்று தேடித் திறந்து, பட்டியலில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்பதை ரைட் கிளிக் செய்து ரீஸ்டார்ட் பண்ணுங்கள். பழைய பிரிண்டர் என்றால் கருவியை முழுதாக நீக்கிவிட்டு, யூஎஸ்பி வயரைக் கழற்றி, முதலில் கம்பனி டிரைவரைப் போட்டு, அப்புறம் வயரைக் குத்துங்கள். ஒழுங்கு மாறினால் விண்டோஸ் தன் இஷ்டத்துக்கு ஒரு டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மெஷினில் இருக்கும் ஃபோல்டரை மற்ற மெஷின்கள் பகிர்கிற அலுவலகங்களில், விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்குப் பிறகு ‘அனுமதி இல்லை’ என்று நிற்பது சகஜம். ப்ரோ பதிப்பில் பாஸ்வேர்ட் இல்லாத விருந்தாளி நுழைவை அது ஏற்பதில்லை. பகிரும் மெஷினில் பாஸ்வேர்டோடு ஒரு பயனர் கணக்கு திறந்து அதில் நுழைவதுதான் வழி. பாதுகாப்பைக் கழற்றிப்போடும் வித்தைகள் வீடியோக்களில் நிறைய வருகின்றன, சம்பளப் பட்டியல் இருக்கும் மெஷினில் அதைச் செய்யாதீர்கள்.

கடிகாரம் பிழையாக இருந்தால் இணையத்தளங்கள் எல்லாம் பாதுகாப்பற்றவை என்று சொல்லும், அப்டேட்டும் தோற்கும். நேர வலயத்தில் ‘ஸ்ரீ ஜயவர்தனபுர’ தெரிவாகியிருக்கிறதா பாருங்கள், அதுதான் இலங்கை. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் நேரம் பின்னுக்குப் போனால் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பெட்டரி செத்துவிட்டது, மணிக்கூட்டுக் கடையிலேயே கிடைக்கும்.

நீலத் திரையில் 48 இலக்கம் கேட்டால்

பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்ட் அமைப்பு) டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பின் செட்டிங்கை மாற்றியவர்களுக்கும் பயாஸை அப்டேட் பண்ணியவர்களுக்கும் சிலவேளை, டிரைவைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கரின் திறவுகோல் கேட்டு நீலத் திரை வரும். யாரோ ஹேக் பண்ணிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். லெப்டொப்பில் எந்த மைக்ரோசொப்ட் கணக்கால் நுழைந்தீர்களோ அதே கணக்கால் போனில் மைக்ரோசொப்ட் தளத்துக்குள் போய், ‘டிவைசஸ்’ பகுதியில் உங்கள் மெஷினின் ரிக்கவரி கீயைப் பாருங்கள், அந்த 48 இலக்கத்தையும் பார்த்து அடியுங்கள். லெப்டொப்பை மகனின் கணக்கில் திறந்திருந்தால் திறவுகோலும் அவன் கணக்கில்தான் இருக்கும், கொழும்பில் வேலை செய்கிற அவனுக்கு ஒரு கோல் போடுங்கள். திறவுகோல் எங்குமே இல்லை என்றால் டிரைவில் இருப்பதை மீட்க வழியில்லை, ஃபோர்மட் மட்டும்தான்.

எதுவும் எடுபடாவிட்டால்

மெஷின் விண்டோஸுக்குள்ளேயே போகாவிட்டால், லோட் ஆகும்போது பவர் பட்டனைப் பிடித்து நிறுத்தி, அப்படியே மூன்று முறை செய்தால் பழுதுபார்க்கும் நீலத் திரை வரும். ‘ட்ரபிள்ஷூட்’ வழியாக ‘அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்’ போய் கடைசியாக வந்த அப்டேட்டைக் கழற்றலாம். விண்டோஸ் திறக்கிறது, ஆனால் அங்கே இங்கே உடைகிறது என்றால் ரிக்கவரி பக்கத்தில் ‘ஃபிக்ஸ் ப்ரொப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்’ என்று ஒன்று இருக்கிறது. அது ஃபைலையும் மென்பொருளையும் தொடாமல் விண்டோஸை மட்டும் மீண்டும் போடும். ஃபோர்மட்டுக்குப் பதில் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இதைத்தான். இதற்கும் சில ஜிபி டேட்டா போகும்.

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலிருந்தோ எங்கிருந்தோ பாவித்த லெப்டொப் வாங்கி, மைக்ரோசொப்டின் தகுதிச் சோதனையை ஏமாற்றித் தாண்டி 11 போட்டிருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்திய ப்ரொசசர்கள் அநேகமாக 11-க்குத் தகுதியானவை என்ற மைக்ரோசொப்ட் பட்டியலில் இல்லை, அவற்றுக்கு வருடாந்தப் பெரிய அப்டேட் தானாக வராது. கோர் 2 டுவோ காலத்து மெஷின் 24எச்2-இல் திறக்கவே திறக்காது. அப்படிப்பட்ட மெஷினோடு மல்லுக்கட்டாமல் 10-க்குத் திரும்பிவிடுவது நல்லது. வீட்டுப் பாவனைக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் ‘என்ரோல் நவ்’ என்ற இணைப்பில் சேர வேண்டும். அந்த இணைப்பைக் காணவில்லை என்றால் உங்கள் 10 இன்னும் 22எச்2 பதிப்புக்கு வரவில்லை, முதலில் மிச்சமிருக்கும் அப்டேட்களை இரவு டேட்டாவில் இறக்குங்கள்.