கல்யாண வீடியோ கேசட்டை டிஜிட்டலாக மாற்றும்போது செய்யக்கூடாதவை

பழைய கல்யாண கேசட்டைக் கணினியில் ஏற்றிப் பார்த்தால், யாராவது கையை அசைக்கும்போதெல்லாம் விரல் ஓரங்கள் சீப்புப் பல்போலப் பிரிந்து தெரியும். டேப் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறை வீடியோவில் நொடிக்கு 25 ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமுக்குள்ளும் இரண்டு ஃபீல்டு. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தைச் சேர்ந்தவை, இரட்டைப்படை வரிகள் வேறு கணத்தைச் சேர்ந்தவை. நடுவே நொடியில் 50-இல் ஒரு பங்கு இடைவெளி. டியூப் டிவி இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தது. கணினி இரண்டையும் ஒரே படமாகக் காட்டுகிறது. அதுதான் சீப்பு.

இதைச் சரிசெய்ய வரும் டிஇன்டர்லேஸ் ஃபில்டர், ஒரு ஃபீல்டில் இல்லாத வரிகளைத் தானே நிரப்புகிறது. அசைவில்லாத இடத்தில் முன்பின் ஃபீல்டுகளிலிருந்து எடுத்துக்கொள்ளும். அசையும் இடத்தில் மேல் கீழ் வரிகளைப் பார்த்து ஊகிக்கும். இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற வீடியோ மென்பொருளின் யாடிஃப் (yadif) ஃபில்டரை அப்படியே ஓட்டினால் 25 ஃப்ரேம்தான் வரும். படம்பிடித்த கணங்களில் பாதி போய்விடும். மோடை 1 என்று வைத்தால் 50 வரும், டிவியில் பார்த்த அதே வழுக்கலான அசைவோடு. ஃபைல் கொஞ்சம் பெருக்கும், பரவாயில்லை.

அடுத்தது ஃபீல்டு வரிசை, அதாவது இரண்டில் எது முதலில் என்பது. DV எனப்படும் டிஜிட்டல் கேம்கார்டர் டேப்பில் கீழ் ஃபீல்டு (இரட்டைப்படை வரிகள்) முதலில் வரும். மற்ற பலவற்றில் மேல் ஃபீல்டு (ஒற்றைப்படை வரிகள்). மாற்றிக் கொடுத்தால் நாதஸ்வரக்காரர் முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி என நடுங்குவார். வரிசை சரியாக இருந்தும் இப்படி ஆனால், வி.எச்.எஸ். படத்தின் அடியில் தெரியும் இரைச்சல் பட்டையை வெட்டும்போது மேலேயும் வரிகளை வெட்டினீர்களா என்று பாருங்கள். மேலே ஒற்றைப்படை எண்ணிக்கையில் வரிகளை வெட்டினால் வரிசை தலைகீழாகிவிடும். வெட்டுவதையெல்லாம் டிஇன்டர்லேஸுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது, முதலில் அளவை மாற்றுவது. 576 வரிகளை 720 ஆக்கிவிட்டால் இரண்டு கணங்களின் வரிகளும் ஒன்றோடொன்று குழைந்துவிடும். அப்புறம் எந்த ஃபில்டராலும் பிரிக்க முடியாது. கேசட்டை மறுபடி ஓட்டத்தான் வேண்டும். 'பிளெண்ட்' என்ற தேர்வும் ஏறக்குறைய இதையே செய்கிறது. சீப்பு மறையும், பதிலுக்கு ஒவ்வொரு கைக்கும் ஒரு பேய்க்கை முளைக்கும்.

பொறுமை இருந்தால் கியூடிஜிஎம்சி (QTGMC) என்ற டிஇன்டர்லேஸ் ஃபில்டர். மெதுவாகத்தான் ஓடும், ஆனால் பட்டுப்புடவைச் சரிகை ஓரத்தின் மினுமினுப்பை அதுபோல் அடக்கும் ஃபில்டரை நான் பார்த்ததில்லை.

சினிமா கேசட் என்றால் கதை வேறு. ஃபிலிமில் எடுத்த படம் பால் முறைக்கு மாறும்போது, பொதுவாக இரண்டு ஃபீல்டும் ஒரே ஃபிலிம் கட்டத்திலிருந்துதான் வரும். அங்கே சீப்பே இல்லாவிட்டால் ஃபில்டரைத் தொடாதீர்கள், கூர்மைதான் குறையும். சீப்பு தெரிந்தாலும், இரண்டு ஃபீல்டுகளும் ஜோடி மாறி அமர்ந்திருக்க வாய்ப்புண்டு. அதற்கு, சரியான ஜோடியைச் சேர்க்கும் ஃபீல்டுமேட்ச் (fieldmatch) ஃபில்டர் போதும்.