டீக்கடை வாதத்தில் மூன்று கட்சியைப் பிரித்தறிவது எப்படி?

மதுரை மாட்டுத்தாவணி டீக்கடையில் "இத்தனை உயிரும் எப்படி வந்துச்சு" என்று வாதம் கிளம்பினால், பேசுபவர் படைப்புவாதம், அறிவார்ந்த வடிவமைப்பு, பரிணாமம் என்ற மூன்றில் எந்தக் கட்சி என்று முதலில் பாருங்கள். கடவுள் தனித்தனியாகப் படைத்தார் என்றால் படைப்புவாதம். அது நம்பிக்கை, விட்டுவிடலாம்.

கடவுள் பெயரையே எடுக்காமல், "உடம்புல இருக்கிற செல் இவ்வளவு சிக்கலா இருக்கே, யாரோ வடிவமைக்காமலா?" என்பவர் அறிவார்ந்த வடிவமைப்புக்காரர். இவரிடம்தான் உஷார், பேச்சு அறிவியல் மாதிரியே இருக்கும், ஆனால் அது அறிவியல் அல்ல என்று 2005-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு நீதிமன்றமே தீர்ப்பு சொல்லிவிட்டது.

உயிர்கள் தலைமுறை தலைமுறையாக மாறி மாறி வந்தவை, அதாவது பரிணாமம் என்பவர் புதைபடிவம், டிஎன்ஏ, மருந்துக்கு மசியாத பாக்டீரியா என்று சான்று அடுக்க வேண்டும். (முதல் உயிர் எப்படி வந்தது என்பது வேறு கேள்வி, அதை இதில் கலக்க விடாதீர்கள்.)

அப்புறம் மூவரிடமும் கேளுங்கள்: எது கிடைத்தால் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்? டைனோசருக்கும் முந்தைய பாறையில் முயல் எலும்பு கிடைத்தால் பரிணாமத்துக்குச் சிக்கல்தான், அதன் கணக்கில் முயல் வெகு பிந்தி வந்தது. அதற்காகப் பக்கத்திலிருக்கும் யானைமலையில் போய்த் தேடாதீர்கள், அந்த வகைப் பாறையில் புதைபடிவமே இருக்காது.