விருத்த உணவு: பட்டியலோடு வருகிறவர்களுக்கு

கொடைக்கானலுக்குக் கீழே, பெருமாள்மலைப் பக்கம் ஒரு சின்ன ஆயுர்வேத வைத்தியசாலையில் 17 வருஷமாகப் பத்தியச் சமையல் செய்கிறேன். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து மலையில் தங்கி வேலை பார்க்கிற பிள்ளைகள் இப்போது நிறைய. அவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது, எதோடு எது சேரக்கூடாது என்று. ஒன்றுக்கொன்று ஒவ்வாததை ஆயுர்வேதத்தில் விருத்தம் என்பார்கள். போன மாசம் ஒரு பெண் அதைப் பிளாஸ்டிக் உறை போட்டே கொண்டுவந்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்தது, பிறகு வயிற்றைக் கலக்கியது. இதே பட்டியலைக் கையால் எழுதி, அஞ்சறைப்பெட்டிக்கு மேலே சுவரில் ஒட்டியவள் நான்.

பாலும் மீனும், சம அளவில் தேனும் நெய்யும் கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பட்டியலை மட்டும் படிப்பது

பட்டியலின் மூலம் ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதையில், சூத்திரஸ்தானம் என்ற பகுதியின் 26-ஆம் அத்தியாயம். அதில் விருத்தம் பற்றிய இடத்தைப் பிரித்துப் பார்த்தால் கண்ணில் படுவது ஒரு வாக்குவாதம். ‘சிலிசிமம்’ என்ற ஒரு மீனைத் தவிர மற்றதையெல்லாம் பாலோடு சாப்பிடலாம் என்கிறார் பத்ரகாப்யர் என்ற முனிவர். கூடவே கூடாது என்று மறுக்கிறார் ஆத்ரேயர் என்ற இன்னொரு முனிவர். கடைசியில் ஆத்ரேயர் பேச்சுதான் நிற்கிறது. ஆனால் இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து வாதாடிய விஷயம் நம் கைக்கு வரும்போது பிளாஸ்டிக் உறைக்குள் சட்டமாகிவிடுகிறது.

அந்த அத்தியாயம் சொல்லும் விருத்தம் 18 வகை. சேர்க்கை அதில் ஒன்று. இடம், காலம், அளவு, பழக்கம், ஜீரண சக்தி, மனசுக்குப் பிடிக்காதது என்று மற்றவை போகின்றன. இன்னொன்றும் அங்கேயே இருக்கிறது: பழக்கப்பட்டவர், கொஞ்சமாக உண்பவர், நன்றாகப் பசிப்பவர், இளம் வயதினர், உடல் உழைப்பால் வலுவானவர் இவர்களை விருத்தம் ஒன்றும் செய்யாது. பூம்பாறையில் பூண்டுக் காட்டில் வேலை செய்கிற பெண்கள் மத்தியானம் தயிர்ச்சோற்றுக்குக் கருவாடு தொட்டுக்கொள்வதை நானே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் சாப்பாட்டைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் பட்டியலில் இந்த வரி மட்டும் இல்லை. எழுதும்போது நானே விட்டுவிட்டேன், சலுகை மாதிரித் தெரிந்ததால்.

வயிற்றுவலிக்குக் காரணத்தைப் பட்டியலில் தேடுவது

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கும் நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் என் மாமனாருக்கு 68 வயது. சாப்பிட்டதும் நெஞ்சுக்குக் கீழே எரிகிறது என்றார். புதிதாகக் கற்றவளுக்குக் கை சும்மா இருக்குமா? ராத்திரி பாலும் மலைவாழைப்பழமும் சாப்பிடுவது அவர் வழக்கம். பழத்தை நிறுத்தினேன். இரண்டு நாள் எரிச்சல் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாம் நாள் திரும்ப வந்தது. முள்ளங்கி சாம்பார் வைத்த அன்றைக்குப் பால் குடித்தாரே என்று பாலை நிறுத்தினேன். மறுபடி நாலு நாள் நிம்மதி, மறுபடி எரிச்சல். தயிர் போனது. கொள்ளு போனது. பலாப்பழம் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்றேன். வந்து வந்து போகிற வலிக்கு எதை நிறுத்தினாலும் பலன் கிடைத்த மாதிரிதான் இருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நாலு மாசத்தில் மிச்சம் இருந்தது கஞ்சி, பாசிப்பருப்பு, சுரைக்காய். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தைப் பார்த்து, “இதச் சாப்பிடலாமாம்மா?” என்று கேட்பார். கஞ்சியைக் கண்டாலே முகம் சுளிக்கிறவருக்குக் கஞ்சியே கொடுத்தேனே, மனசுக்குப் பிடிக்காததை உண்பதும் அந்த 18-இல் ஒன்றுதான்.

ஒரு நாள் காலையில் கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தார். வத்தலக்குண்டுக்கு இறக்கி, அங்கிருந்து மதுரைக்குக் கொண்டுபோனோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். “மூட்டுவலிக்கு மாத்திரை ஏதும் போடுறாரா?” என்று டாக்டர் கேட்டபோதுதான் அவர் சட்டைப் பையைப் பார்த்தேன். மலைக்குளிரில் முழங்கால் குத்துகிறது என்று மெடிக்கலில் தானே வாங்கி, விடிந்ததும் வெறும் வயிற்றில் போட்டிருக்கிறார், மாசக்கணக்காக. அந்த வகை வலிமாத்திரை இரைப்பையின் உள்தோலைப் புண்ணாக்கும். அவர் வாயில் போட்ட ஒவ்வொரு பருக்கைக்கும் கணக்குக் கேட்டவள் நான். மாத்திரையைக் கேட்கவில்லை, பட்டியலில் மாத்திரை இல்லை. மலம் கறுப்பாகப் போனதை மருமகளிடம் எப்படிச் சொல்வது என்று அவரும் சொல்லவில்லை.

எங்கள் வைத்தியர் விஷயம் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். “அவருக்குப் பசி எப்படி இருந்துச்சு?” எனக்குத் தெரியவில்லை. நாலு மாசத்தில் ஒரு தடவைகூட அதை நான் கேட்டிருக்கவில்லை. அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குறளில் மருந்து அதிகாரத்தை எடுத்து, “அற்றது அறிந்து கடைப்பிடித்து மாறல்ல துய்க்க துவரப் பசித்து” என்று வாசித்துக் காட்டினார். முன்னால் செரிமானம், பின்னால் பசி, நடுவில்தான் ‘மாறல்ல’, அதாவது ஒவ்வாதது அல்லாத உணவு. நீ நடுவை மட்டும் பிடுங்கிக்கொண்டாய் என்றார்.

பிளாஸ்டிக் உறைப் பெண்ணிடம் அதையே கேட்டேன். “பசியா? மணி பாத்துதான்க்கா சாப்பிடுறேன்” என்றாள். தயிரைத் தொட்டு ஒரு வருஷம். ஒவ்வொரு வேளையும் எதோடு எது சேர்ந்தது என்று நோட்டில் எழுதிவைத்து, தப்பு நடந்த ராத்திரி தூங்குவதில்லை. கவலை, பயம், துக்கம், கோபம், தூக்கமின்மை இருந்தால் அளவாக உண்ட நல்ல உணவும் செரிக்காது என்று சரகரே அந்த நூலின் விமானஸ்தானம் என்ற பகுதியில் சொல்லியிருக்கிறார். நோட்டை மூடச் சொன்னேன்.

ஏதாவது ஒன்று சேரவில்லை என்று சந்தேகம் வந்தால் அந்த ஒன்றை மட்டும் இரண்டு வாரம் நிறுத்துங்கள். பிறகு, கட்டாயம், திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கள். வலி திரும்பவில்லையென்றால் அது குற்றவாளி இல்லை, விட்டுவிடுங்கள். பழம் சேர்க்காத வெறும் பாலுக்கே வயிறு உப்பினால் பால் சர்க்கரை செரிக்காத உடம்பாக இருக்கலாம், அது வேறு கதை. உடம்பு காரணமில்லாமல் இளைத்தால், மலம் கறுத்தால், வாந்தியில் ரத்தம் வந்தால், விழுங்கும்போது அடைத்தால், வயதானபின் புதிதாக எரிச்சல் தொடங்கினால் பட்டியலை எடுக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

பால் வயிற்றில் திரிந்துவிடும் என்ற பயம்

எல்லாப் பாலும் இரைப்பையில் திரியத்தான் செய்யும். தாய்ப்பாலும்.

மீனும் பாலும் சேர்ந்து வெண்புள்ளி வந்தது என்று குற்றம் சாட்டுவது

தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே தாக்குவதால் வருவது அது. வீட்டில் மீன் சமைத்தவள் மேல் பழி போடாதீர்கள்.

டிசம்பரில் பச்சைக் காய்

7,000 அடி உயரத்தில், விடியற்காலை புல்லில் உறைபனி கிடக்கும்போது, ஃப்ரிட்ஜில் வைத்த கேரட் சாலட்டும் ஜூஸும். பாலோடு பிளம்ஸ் சேரக்கூடாது என்று காவல் காக்கிறவர்கள் இதைச் செய்கிறார்கள். குளிர்காலத்தில் குளிர்ந்த, வறண்ட உணவு என்பது கால விருத்தத்துக்கு நூலே தரும் உதாரணம். கேரட்டை மிளகு போட்டு வதக்குங்கள், முடிந்தது.

குழந்தைக்குத் தேன்

ஒரு வயது வரை கூடாது. மலைத்தேனாக இருந்தாலும். கொதிக்கிற வெந்நீரில் தேன் விடலாமா என்று விவாதிக்கிறவர்கள் முதலில் இதைக் கவனியுங்கள், அந்த வயதில் இது உயிருக்கே ஆபத்து.

பஞ்சாமிர்தத்தை ஒளித்துவைப்பது

அந்தப் பெண் கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள். பழனிக்குப் போய்வந்த அம்மா ஒரு டப்பா கொடுத்துவிட்டிருக்கிறார். அதில் தேனும் இருக்கிறது, நெய்யும் இருக்கிறது. மூணு மாசமாகத் திறக்கவும் பயம், தூக்கிப்போடவும் பயம். சம அளவில் சேர்வதைத்தான் நூல் தடுக்கிறது, இரண்டும் ஒரே டப்பாவில் இருப்பதை அல்ல என்றேன். அதில் பெரும்பாகம் நம் மலை விருப்பாச்சி வாழைப்பழமும் சர்க்கரையும்தான். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று.

“அப்ப சாப்பிடலாமாக்கா?”

“பசிக்குதா?”

கொஞ்சம் யோசித்து, “பசிக்குதுக்கா” என்றாள். அடுக்களையிலிருந்து ஸ்பூன் எடுத்து வரப் போனேன்.