லினக்ஸ் மின்ட்: கூப்பிடாமலே வந்து நிற்கும் செயலிகளை நிறுத்துவது

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார் கிராணி மாமா. தோட்டத்தில் கணக்கர் வேலையை விட்டு வருடங்கள் ஆகியும் கோயில் கணக்கை மட்டும் விடவில்லை. அவருடைய மடிக்கணினி பழசு, 4 ஜிபி ராம். விண்டோஸ் அதில் நகரவே இல்லை என்று நான்தான் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தில் இலேசான வகையான எக்ஸ்எஃப்சிஇயைப் போட்டுக் கொடுத்தேன். போன மாதம் கூப்பிட்டார்.

"தம்பி, இது தொறந்து முடியறதுக்குள்ள பெரட்டே முடிஞ்சிரும் போல." பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது.

போய்ப் பார்த்தேன். பாஸ்வேர்டு போட்டதும் டெலிகிராம், புளூடூத், பிரிண்டர் ஐகான், இரண்டு ஃபயர்ஃபாக்ஸ் ஜன்னல் என்று வரிசை கட்டி வருகின்றன. வீட்டில் பிரிண்டரே கிடையாது.

படி 1: பட்டியல்

மெனுவில் செட்டிங்ஸ், அதில் செஷன் அண்ட் ஸ்டார்ட்டப், அதில் அப்ளிகேஷன் ஆட்டோஸ்டார்ட். வேண்டாததன் டிக்கை எடுங்கள். அவ்வளவுதான். பட்டியலிலிருந்து நீக்க வேண்டாம், நாளைக்கே தேவைப்படலாம்.

பிரிண்டர், புளூடூத் போன்றவற்றைத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் பெயர் புரியாததை எல்லாம் எடுக்காதீர்கள். நான் எடுத்தேன். அதில் பாலிசிகிட் என்று ஒன்று போய்விட்டது. அப்புறம் அப்டேட் போட்டால் பாஸ்வேர்டு கேட்கும் ஜன்னல் வரவே இல்லை. பாஸ்வேர்டு கேட்பதே அதன் வேலை என்று தெரியாமல் அரை மணி நேரம் இன்டர்நெட் லைனைத் திட்டிக்கொண்டிருந்தேன். நெட்வொர்க் ஆப்லெட்டை எடுத்தால் வைஃபை போகாது, இணைப்பைப் பார்ப்பது வேறொரு சேவை. ஐகான் மட்டும்தான் மறையும். ஆனாலும் விட்டுவைத்தேன். ஐகானைக் காணோம் என்றால் மாமா உடனே போன் போடுவார்.

படி 2: என்னைக் கவிழ்த்த இடம்

மறுபடி லாகின் செய்தேன். ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் அப்படியே வந்தன, கூடவே ஒரு ஃபோல்டரும். பட்டியலில் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயரே இல்லை. மூன்று தடவை தேடினேன்.

கடைசியில் மாமா லாகவுட் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த ஜன்னலின் அடியில் சின்னதாக ஒரு கட்டம்: 'சேவ் செஷன் ஃபார் ஃபியூச்சர் லாகின்ஸ்'. மாமா அதில் கவனமாக ஒரு டிக் போட்டார்.

"ஏன் மாமா அதுல டிக் போடுறீங்க?"

"சேவ்னு போட்டிருக்கே தம்பி. கணக்கு அழிஞ்சிரக் கூடாதுல்ல."

அது கணக்கைச் சேமிப்பதில்லை. அந்த நேரத்தில் திறந்திருக்கும் ஜன்னல்களை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த தடவை திரும்பத் திறக்கிறது. டிக்கை எடுத்தால் மட்டும் போதாது, முன்பு சேமித்தது அப்படியே இருந்து ஒவ்வொரு முறையும் வரும். அதனால்:

செஷன் அண்ட் ஸ்டார்ட்டப்பில் ஜெனரல் பகுதிக்குப் போய், லாகவுட்டில் தானாகச் சேமிக்கும் தேர்வு போடப்பட்டிருந்தால் அணையுங்கள். பிறகு ஃபைல் மேனேஜரில் உங்கள் ஹோம் ஃபோல்டரைத் திறந்து கண்ட்ரோல், எச் இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்கள் தெரியும். புள்ளி கேஷ் என்பதற்குள் செஷன்ஸ் இருக்கும். எக்ஸ்எஃப்சிஇ4 செஷன் என்று தொடங்கும் கோப்புகளை அழியுங்கள். லாகவுட் செய்யும்போது அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும்.

படி 3: அடம்பிடிக்கும் டெலிகிராம்

டெலிகிராமுக்குள்ளேயே, அட்வான்ஸ்டு செட்டிங்ஸில், கணினி தொடங்கும்போது தானும் தொடங்குவதற்கு ஒரு தேர்வு இருக்கிறது. அதை அங்கேயே அணைப்பதுதான் சுத்தமான வழி. இப்படித் தனக்கென்று சொந்தத் தேர்வு வைத்திருக்கும் செயலிகளை எல்லாம் அவற்றின் வீட்டுக்குள்ளேயே போய்த்தான் அடக்க வேண்டும்.

இதற்கென்று தனியாகத் துப்புரவுச் செயலி எதையும் போடாதீர்கள். ஆட்டோஸ்டார்ட் விஷயத்தில் அவை செய்வதும் இதே வேலையைத்தான். 4 ஜிபி கணினியில் ஒன்றைக் குறைக்க இன்னொன்றை ஏற்றுவானேன்?

பின்சேர்க்கை

உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வைத்திருக்கும் ஒருவர், ஸ்டார்ட்டப் அப்ளிகேஷன்ஸ் பட்டியல் கிட்டத்தட்ட காலியாக இருக்கிறதே என்று கேட்டார். கணினியோடு வரும் பல ஆட்டோஸ்டார்ட் கோப்புகளில் 'நோடிஸ்ப்ளே' என்ற வரி ட்ரூ என்று இருக்கும், அதனால் பட்டியலில் காட்டாது. அவை இருக்கும் இடம் ரூட்டில் (எல்லா ஃபோல்டருக்கும் மேலே இருப்பது) ஈடிசி, அதற்குள் எக்ஸ்டிஜி, அதற்குள் ஆட்டோஸ்டார்ட். அங்கே கைவைக்காதீர்கள், அது கணினியில் உள்ள எல்லாப் பயனருக்கும் பொது. வேண்டாத கோப்பை நகலெடுத்து, பெயரை மாற்றாமல், உங்கள் ஹோமில் புள்ளி கான்ஃபிக் உள்ளே ஆட்டோஸ்டார்ட்டில் ஒட்டுங்கள். அந்த ஃபோல்டர் இல்லையென்றால் நீங்களே உருவாக்குங்கள். நகலை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து 'ஹிடன்=ட்ரூ' என்ற வரியை ஆங்கிலத்தில் சேருங்கள். ஹிடனின் முதல் எழுத்து மட்டும் பெரியது, சமன் குறிக்கு இருபுறமும் இடைவெளி வேண்டாம். மனசு மாறினால் நகலை அழித்துவிடலாம்.

இன்னொன்று

அந்த வரியைச் சேர்த்தும் நிற்கவில்லை என்று அவரே திரும்ப வந்தார். கோப்பின் கடைசியில், டெஸ்க்டாப் ஆக்‌ஷன் என்ற தலைப்புக்குக் கீழே எழுதியிருக்கிறார். மேலே சதுர அடைப்புக்குள் டெஸ்க்டாப் என்ட்ரி என்று இருக்கிறதே, அதற்கு அடுத்த வரியில் எழுத வேண்டும்.