எஃப்4 விசையால் செல் முகவரியைப் பூட்டுவது எப்படி?

எக்செலில் பி2 முதல் பி40 வரை பொருள்களின் விலையும், ஜி1 செல்லில் 18% என்ற வரி விகிதமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சி2 செல்லில் =பி2*ஜி1 என்று எழுதினால் விடை சரியாகவே வரும். ஆனால் அந்த ஃபார்முலாவைக் கீழே இழுத்ததும், சி3 செல்லில் அது =பி3*ஜி2 என்று மாறிவிடுகிறது. ஜி2 காலியாக இருந்தால் விடை பூஜ்யமாகி, பிழை உடனே கண்ணில் பட்டுவிடும். அங்கே பழைய வரி விகிதம் ஏதேனும் கிடந்தால்தான் ஆபத்து. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தவறான தொகை பில் வரைக்கும் போய்விடும்.

இதைத் தடுக்க, ஃபார்முலாவில் ஜி1 என்று தட்டியவுடன், கர்சர் அதை ஒட்டி நிற்கும்போதே எஃப்4 விசையை ஒருமுறை அழுத்த வேண்டும். அது $ஜி$1 என்று மாறும். இனி எந்தப் பக்கம் இழுத்தாலும் நகராது. இரண்டாம் முறை அழுத்தினால் ஜி$1, மூன்றாம் முறை $ஜி1, நான்காம் முறை மீண்டும் பழையபடி ஜி1. டாலர் குறி எதற்கு முன்னால் நிற்கிறதோ அது மட்டுமே பூட்டப்படுகிறது என்பதை மனத்தில் பதித்துக்கொண்டால் போதும், இந்த வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பாதிப் பூட்டு எதற்கு என்று பலரும் கேட்பதுண்டு. ஒரு வாய்ப்பாட்டைப் போட்டுப் பார்த்தால் அது விளங்கிவிடும். ஏ2 முதல் ஏ11 வரை கீழ்நோக்கியும், பி1 முதல் கே1 வரை பக்கவாட்டிலும் 1 முதல் 10 வரையிலான எண்களை நிரப்புங்கள். பி2 செல்லில் =ஏ2 என்று தட்டி எஃப்4 விசையை மும்முறை அழுத்துங்கள்; பெருக்கல் குறியிட்டு பி1 என்று தட்டி இருமுறை அழுத்துங்கள். =$ஏ2*பி$1 என்ற அந்த ஒரே ஃபார்முலாவைக் கீழேயும் பக்கவாட்டிலும் இழுத்தால், நூறு செல்களும் சரியாக நிரம்பும்.

முன்பே எழுதிய ஃபார்முலாவைத் திருத்துவதாக இருந்தால், முதலில் எஃப்2 விசையை அழுத்தி உள்ளே சென்ற பிறகே எஃப்4 விசையைத் தொட வேண்டும். வெளியே நின்று அழுத்தினால் எக்செல் கடைசியாகச் செய்த வேலையையே திரும்பச் செய்யும். சற்றுமுன் ஒரு செல்லுக்கு வண்ணம் தீட்டியிருந்தால் இந்தச் செல்லுக்கும் அதே வண்ணம் ஏறிவிடும். பல மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். மேக் கணினியில் கமாண்ட் விசையோடு, ஆர் விசைக்கும் ஒய் விசைக்கும் நடுவிலுள்ள டி விசை இதே வேலையைச் செய்யும். கூகுள் ஷீட்ஸிலும் எஃப்4 விசைதான்.

இழுத்து முடித்த பிறகு, கன்ட்ரோல் விசையோடு எண் 1 விசைக்கு இடப்புறம் உள்ள விசையை அழுத்துங்கள். விடைகளுக்குப் பதிலாக ஃபார்முலாக்கள் தெரியும். சி2 முதல் சி40 வரை ஒவ்வொன்றிலும் $ஜி$1 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதே விசைகளை மறுபடி அழுத்தினால் தொகைகள் திரும்பி வரும்.