கொள்கை ஒன்றுபடாத போராட்டத்தில் உங்கள் நிலைப்பாட்டை வகுத்துக்கொள்வது எப்படி?

ஒரு போராட்டத்தின் கோபம் நியாயமானதாகத் தோன்றும்போதே, அங்கே இடதுசாரிகளும் தீவிர தேசியவாதிகளும் எந்தக் கட்சியையும் நம்பாதவர்களும் அருகருகே நிற்பதைக் கண்டு மனம் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று உதறவும் வேண்டாம், அதையே சாக்காக்கி ஒதுங்கவும் வேண்டாம்.

முதலில் ஒரு தாளை எடுத்துக் கோரிக்கைகளைத் தனித்தனியே எழுதுங்கள். பிரான்சில் 2018 நவம்பர் 17 அன்று எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து வெடித்த மஞ்சள் மேலங்கிப் போராட்டத்தை எடுத்துக்கொள்வோம். அந்த மாத இறுதியில் அதன் பெயரால் நாற்பதுக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் கொண்ட பட்டியல் ஒன்று வெளிவந்தது. வீடற்றவர் ஒருவர்கூட இருக்கக் கூடாது என்பதும், புகலிடம் மறுக்கப்பட்டவர்களைச் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதும் ஒரே பட்டியலில் இடம்பெற்றிருந்தன. இப்படிப்பட்ட பட்டியலை மொத்தமாக ஏற்கவோ நிராகரிக்கவோ முயல்பவருக்குக் குழப்பமே மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஏற்கிறேன்’, ‘எதிர்க்கிறேன்’, ‘தெரியவில்லை’ என்று குறியுங்கள்; பிறகு, மக்களை உண்மையில் தெருவுக்கு இழுத்து வந்தது எது என்று பாருங்கள். அங்கே அது வரி உயர்வுதான். பொதுவான சித்தாந்தம் எதுவும் இல்லாமலேயே, டிசம்பரில் அரசு அதைக் கைவிட்டது.

அடுத்து, பொதுக் கொள்கை இல்லை என்பதையும் முடிவெடுக்கும் முறை இல்லை என்பதையும் ஒன்றாகக் கருதிவிடாதீர்கள். 2011இல் நியூயார்க்கின் சுக்கோட்டி பூங்காவில், பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்துக் கூடிய வால் ஸ்ட்ரீட் ஆக்கிரமிப்பு இயக்கத்துக்கு ஒலிபெருக்கி வைக்க அனுமதி இல்லை. எனவே பேசுபவர் ஒரு வாக்கியம் சொல்வார், சுற்றி இருப்பவர்கள் அதையே உரக்கத் திருப்பிச் சொல்வார்கள். விரல்களை மேல்நோக்கி அசைத்தால் சம்மதம். மார்பின் குறுக்கே கைகளைக் கட்டினால், முடிவையே தடுக்கும் அளவுக்கான மறுப்பு. மெதுவான முறைதான், வேலைக்கும் குழந்தைகளிடமும் திரும்ப வேண்டியவர்கள் கடைசிவரை உட்கார முடியாத முறையும்கூட. ஆயினும், ‘எங்களுக்குத் தலைவரே இல்லை’ என்று பெருமைப்பட்டுக்கொண்டு முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்று சொல்ல முடியாத கூட்டத்தைவிட, இதையே நான் நம்புவேன்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது: கோரிக்கை நிறைவேறிய மறுநாள் காலையில் ஆயத்தமாக இருக்கப்போவது யார்? எகிப்தில் 2011 ஜனவரி 25 முதல் பதினெட்டு நாட்கள், ‘ஆட்சி வீழ வேண்டும்’ என்ற ஒற்றை முழக்கத்தின் கீழ் தாராளவாதிகளும் இடதுசாரிகளும் இஸ்லாமிய அரசியல் இயக்கமான முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பினரும் ஒன்றாக நின்றார்கள், அதிபர் முபாரக் பதவி விலகினார். ஆனால் கட்டுக்கோப்பான அமைப்பு இருந்தது சகோதரத்துவ அமைப்புக்கும் ராணுவத்துக்கும்தான். 2012இல் முன்னதன் வேட்பாளர் முர்சி அதிபரானார். 2013 ஜூலையில் ராணுவம் அவரை அகற்றியது. இதனால் அந்த முழக்கமே தவறு என்று ஆகிவிடாது. அடுத்து என்ன வேண்டும் என்பதைக் கூட்டம் கலைவதற்கு முன்பே பேசத் தொடங்க வேண்டும் என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது.

உங்கள் எல்லையையும் களத்துக்குப் போகும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். கூட்டத்தின் நடுவே நின்று யோசிக்க முடியாது. பிறப்பைக் காட்டி ஒரு சமூகத்தை இழிவுபடுத்தும் பதாகை தென்பட்டால், அதைப் பிடித்திருப்பவரைவிட அவருக்கு இருபுறமும் நிற்பவர்களைக் கவனியுங்கள். அதைக் கீழிறக்கச் சொல்கிறார்களா, விலகி நிற்கிறார்களா, அல்லது கைதட்டுகிறார்களா? எந்தக் கூட்டத்திலும் ஒரு விஷமி நுழைந்துவிட முடியும் என்பதால், பதாகையை மட்டும் வைத்து எடைபோடுவது சரியாகாது.

ஆதரவைச் சொல்லும்போது, ‘இந்த இயக்கத்தோடு இருக்கிறேன்’ என்பதைத் தவிர்த்து, ‘இந்தக் கோரிக்கையை ஆதரிக்கிறேன், அந்தக் கோரிக்கையை எதிர்க்கிறேன்’ என்று பெயர் சொல்லியே பேசுங்கள். இரு தரப்பு நண்பர்களும் முகம் சுளிக்கலாம். இரண்டு வாரம் கழித்து அதே தாளை எடுத்து, ‘தெரியவில்லை’ என்று குறித்தவற்றை மட்டும் மறுபடி படியுங்கள்.