இசட் புள்ளி எப்பிடி வருது? நியம விலகலில இருந்து கையால செய்து பாப்பம்

ஏ எல் (இலங்கையில பல்கலைக்கழகம் போறதுக்கு எழுதுற உயர்தரச் சோதினை) ரிசல்ட்ஸ் வந்த உடன ஒவ்வொரு வருசமும் கேக்கிற கேள்வி ஒண்டுதான், "எனக்கும் மூண்டு ஏ, அவனுக்கும் மூண்டு ஏ, பிறகேன் அவன்ர இசட் புள்ளி மேல நிக்குது?" அடுத்தது, "ஒரு பாடம் மைனஸ்ல போயிருக்குமோ, அப்ப அது பெயிலோ?" ரெண்டுக்கும் பதில் நியம விலகலுக்குள்ளதான் கிடக்கு (தமிழ்நாட்டுப் புத்தகங்களில திட்ட விலக்கம் எண்டு போட்டிருக்கும், ரெண்டும் ஒண்டுதான்). சூத்திரத்தைப் பாடமாக்கிறதை விட ஒருக்கா கையால செய்து பாத்தா லேசா விளங்கும், அதால ஒரு பேப்பரும் பேனையும் எடுங்கோ.

ரெண்டு ரியூசன் வகுப்பு, ஒவ்வொண்டிலயும் 5 பிள்ளையள் எண்டு வைப்பம். முதல் வகுப்பில எடுத்த புள்ளி 30, 40, 45, 50, 60. மற்றதில 39, 43, 45, 47, 51. கூட்டிப் பாருங்கோ, ரெண்டும் 225 தான், 5 ஆல பிரிச்சா ரெண்டுக்கும் இடை (சராசரி) 45. இடையை மட்டும் பாத்தா ரெண்டு வகுப்பும் ஒரே மாதிரித் தெரியும், ஆனா முதல் வகுப்பில பிள்ளையள் சிதறிக் கிடக்குதுகள், மற்றதில எல்லாரும் ஒட்டிக்கொண்டு நிக்கினம். இந்தச் சிதறலை ஒரு இலக்கத்தில சொல்லுறதுக்குத்தான் நியம விலகல்.

எப்பிடி எடுக்கிறது? முதல் வகுப்புக்கு ஒவ்வொரு புள்ளியில இருந்தும் இடையைக் கழியுங்கோ: −15, −5, 0, 5, 15. இதுகளைச் சும்மா கூட்டினா 0 வரும், எந்த வகுப்புக்கு செய்தாலும் 0 தான், ஏனெண்டா இடை எண்டதே மேல இருக்கிறதும் கீழ இருக்கிறதும் சமப்படுற இடம். அப்ப மைனஸை இல்லாமல் செய்யவேணும், அதுக்கு வர்க்கிக்கிறம்: 225, 25, 0, 25, 225. கூட்டினா 500, 5 ஆல பிரிச்சா 100. இதுக்குப் பேர் மாறற்றிறன். ஆனா வர்க்கிச்சபடியால அலகும் வர்க்கமாப் போட்டுது, "100 வர்க்கப் புள்ளி" எண்டா ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்காது, அதால வர்க்கமூலம் எடுத்துத் திரும்பப் புள்ளிக்கு வாறம். 10. அதுதான் நியம விலகல். மற்ற வகுப்பையும் இதே மாதிரிச் செய்யுங்கோ: −6, −2, 0, 2, 6, வர்க்கிச்சுக் கூட்டினா 80, 5 ஆல பிரிச்சா 16, வர்க்கமூலம் 4.

சிலபேர் கேப்பினம், ஏன் வர்க்கிக்கவேணும், மைனஸை அழிச்சுப்போட்டுக் கூட்டினா என்ன எண்டு. நல்ல கேள்வி. செய்யலாம், முதல் வகுப்புக்கு அப்பிடிக் கூட்டி 5 ஆல பிரிச்சா 8 வரும், அதுவும் ஒரு அளவுதான், பிழையில்லை. வர்க்கிச்சா தூரத்தில நிக்கிற பிள்ளைக்குக் கனம் கூடுது, அதோட பிறகு வாற கணக்குகள் (செவ்வன் பரம்பல் எண்ட மணி வடிவப் பரம்பல், ரெண்டு மூண்டு தரவைச் சேக்கிறது) எல்லாம் மாறற்றிறனோடதான் வடிவாப் பொருந்தும். அதாலதான் கார்ல் பியர்சன் 1890களில இதுக்குப் பேர் வைச்ச காலத்தில இருந்து இண்டைக்கு வரைக்கும் எல்லாரும் இதையே பிடிச்சுக்கொண்டு நிக்கினம்.

இனி இசட் புள்ளிக்கு வந்தா அதில புதுசா ஒண்டுமே இல்லை. உங்கட புள்ளியில இருந்து இடையைக் கழிச்சு, வாறதை நியம விலகலால பிரிக்கிறது, அவ்வளவுதான். முதல் வகுப்பில 60 எடுத்த பிள்ளைக்கு 60 − 45 = 15, 15 ÷ 10 = 1.5. ரெண்டாவது வகுப்பில 51 எடுத்த பிள்ளைக்கு 51 − 45 = 6, 6 ÷ 4 = 1.5. பாத்தீங்களோ, 60 உம் 51 உம் ஒரே இசட். 51 எடுத்த பிள்ளை 6 புள்ளிதான் மேல, ஆனா எல்லாரும் நெருக்கமா நிக்கிற இடத்தில அந்த 6 பெரிய தூரம். இசட் எண்டது "நீ எத்தினை புள்ளி எடுத்தாய்" எண்டு சொல்லாது, "உன்னோட இருந்து எழுதின ஆக்களில இருந்து எவ்வளவு விலகி நிக்கிறாய்" எண்டுதான் சொல்லும்.

மைனஸ் கேள்விக்கும் இதிலயே பதில் இருக்கு. மைனஸ் எண்டா இடைக்குக் கீழ, வேற ஒண்டுமில்லை. ஒரு பாடத்தின்ர இடை 55 எண்டா 50 எடுத்த பிள்ளை பாஸ்தான், ஆனா இசட் மைனஸ்ல வரும். மற்றப் பக்கம், இடை 30 ஆ இருக்கிற கஷ்டமான பாடத்தில 33 எடுத்த பிள்ளை பாஸ் புள்ளியான 35 ஐ எட்டாதபடியால பெயில், ஆனா இசட் பிளஸ்.

இப்ப ஏ எல்லுக்கு வருவம். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் எண்டவர் முன்வைச்ச முறை இது, 2001 சோதினையில இருந்து பல்கலைக்கழக அனுமதிக்குப் பாவிக்கினம். ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியா இடையும் நியம விலகலும் எடுத்து, மூண்டு பாடத்துக்கும் இசட் கண்டு, கூட்டி 3 ஆல பிரிச்சு நாலு தசம தானத்துக்குக் குடுக்கிறது. ஒரு உதாரணம், இடையும் விலகலும் நான் சும்மா போட்டது, உண்மையான வருசத்து இலக்கம் இல்லை. இணைந்த கணிதம் இடை 38, விலகல் 20. பௌதிகவியல் இடை 44, விலகல் 15. இரசாயனவியல் இடை 53, விலகல் 20.

முதல் பிள்ளை 68, 62, 71. மொத்தம் 201. இசட் 1.5, 1.2, 0.9, கூட்டினா 3.6, 3 ஆல பிரிச்சா 1.2000.

ரெண்டாவது பிள்ளை 58, 77, 66. மொத்தம் அதே 201. இசட் 1.0, 2.2, 0.65, கூட்டினா 3.85, பிரிச்சா 1.2833.

மொத்தம் ஒண்டு, ஆனா ரெண்டாவது பிள்ளை முன்னுக்கு. ஏன்? கனபேர் "பௌதிகவியல் கஷ்டமான பாடம், இடை குறைவு, அதாலதான்" எண்டு சொல்லுவினம், அது பிழை. ரெண்டு பேரும் அதே மூண்டு பாடம் செய்தா இடை ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கழிபடுது, ஒப்பிடேக்க அது இல்லாமப் போயிடும், மிஞ்சுறது நியம விலகல் மட்டும்தான். பௌதிகவியலில விலகல் 15, அப்ப அங்க ஒரு புள்ளி 1/15 பெறும், மற்ற ரெண்டிலயும் ஒரு புள்ளி 1/20 தான் பெறும். அவன் பௌதிகவியலில கூட எடுத்த 15 புள்ளிக்கு 1 கிடைக்குது, மற்ற ரெண்டிலயும் குறைஞ்ச 15 புள்ளிக்கு 0.75 தான் போகுது. மூண்டு ஏக்கும் இதே கதைதான், 75 உம் ஏ, 98 உம் ஏ, ரிசல்ட் சீற்றில எழுத்து ஒண்டா இருந்தாலும் பின்னால புள்ளியும் வேற, ஒவ்வொரு பாடத்திலயும் அந்தப் புள்ளியின்ர பெறுமதியும் வேற.

அடுத்தது, எல்லாரும் நெற்றில பாத்துட்டு வாற அட்டவணை. செவ்வன் பரம்பல் எண்டா இடையில இருந்து ஒரு விலகலுக்குள்ள 68 வீதம், ரெண்டுக்குள்ள 95 வீதம், மூண்டுக்குள்ள 99.7 வீதம் ஆக்கள் நிப்பினம். அதை வைச்சு இசட் 1 எண்டா 84 வீதம் பேர் உங்களுக்குக் கீழ, 1.5 எண்டா 93 வீதம், 2 எண்டா 97.7 வீதம். இது சரிதான், ஆனா ரெண்டு இடத்தில இடறும். ஒண்டு, தரவு உண்மையிலயே மணி வடிவத்தில இருக்கவேணும். கஷ்டமான பாடத்தில கனபேர் கீழ்ப்பக்கம் குவிஞ்சு, கொஞ்சப் பேர் மட்டும் மேல வால் மாதிரி நீண்டு நிப்பினம், அங்க இந்த வீதங்கள் பொருந்தாது. (தரவு என்ன வடிவம் எண்டாலும் உறுதியாச் சொல்லக்கூடியது, ரெண்டு விலகலுக்குள்ள குறைஞ்சது 75 வீதம் இருக்கும் எண்டதுதான்.) மற்றது இன்னும் முக்கியம், ஆனா ஒருத்தரும் சொல்லுறேல்ல: கடைசியா வாற உங்கட இசட் மூண்டு இசட்டின்ர சராசரி, அதுக்கு நியம விலகல் 1 இல்லை. ஒரு பாடத்தில உச்சத்தில நிக்கிற பிள்ளை மற்ற ரெண்டிலயும் அதே உயரத்தில நிக்காது, அதால சராசரி எடுக்கேக்க எல்லாரும் நடுவுக்குக் கிட்ட இழுபடுகினம். மூண்டு பாடத்துக்கும் ஒரு தொடர்புமே இல்லையெண்டா அந்த விலகல் 0.58 க்கு இறங்கும், முழுத் தொடர்பு எண்டா 1, உண்மை இது ரெண்டுக்கும் நடுவில எங்கயோ. ஆகவே மூண்டு பாடச் சராசரியில 2.0000 எடுக்கிறது அட்டவணையில இருக்கிற 2 ஐ விட அரிது. உங்கட இடம் தெரியவேணும் எண்டா அட்டவணையை விட்டுட்டு ரிசல்ட் சீற்றில போட்டிருக்கிற மாவட்ட நிலையையும் தீவு நிலையையும் பாருங்கோ.

இசட் புள்ளிக்குப் பின்னால ஒரு எடுகோள் ஒளிச்சிருக்கு. ரெண்டு பாடத்தின்ர இசட்டை ஒப்பிடலாம் எண்டா, அந்த ரெண்டு பாடத்தையும் எழுதின கூட்டங்கள் திறமையில ஏறத்தாழ சமம் எண்டு நாங்கள் ஒத்துக்கொண்டிட்டம் எண்டு அர்த்தம். கெட்டிக்காரர் கூடின பாடத்தில 1 எடுக்கிறதும் மற்றதில 1 எடுக்கிறதும் இசட்டுக்கு ஒண்டுதான், அதுக்கு வித்தியாசம் தெரியாது. 2011 இல நடந்த பிரச்சினையும் இந்த இடத்திலதான். அந்த வருசம் புதுப் பாடத்திட்டமும் பழைய பாடத்திட்டமும் ஒரே சோதினையில, வேற வேற வினாத்தாள், எழுதின ஆக்களும் வேற வேற. ரெண்டையும் சேத்து இசட் போட்டதில குழப்பம் வந்து, வழக்காகி, 2012 ஜூனில உயர்நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) அந்த இசட் புள்ளிகளை ரத்துச் செய்து, ரெண்டு கூட்டத்தையும் வேற வேற குடித்தொகையா எடுத்துத் திரும்பக் கணிக்கச் சொன்னது. எந்த இடை, எந்த விலகல், ஆற்ற கூட்டத்தின்ர எண்டு கேக்காம இசட்டை நம்பக்கூடாது எண்டதுக்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. இதே காரணத்தாலதான் அண்ணாவின்ர போன வருச இசட்டையும் தம்பியின்ர இந்த வருச இசட்டையும் பக்கத்தில வைச்சுச் சண்டை பிடிக்கிறதிலயும் அர்த்தமில்லை.

சோதினைக்கு வெளியிலயும் இந்தச் சாமான் வரும். உலக சுகாதார நிறுவனம் 2006 இல விட்ட குழந்தை வளர்ச்சி நியமத்தில ஒரு வயசு ஆண் குழந்தையின்ர நீளம் நடுவில 75.7 செ.மீ, விலகல் ஏறத்தாழ 2.4. பிள்ளை 71 செ.மீ எண்டா 71 − 75.7 = −4.7, 2.4 ஆல பிரிச்சா −2 க்குக் கிட்ட. அந்த −2 கோட்டுக்குக் கீழ போனா வயசுக்கேத்த உயரம் இல்லை எண்டு கணக்கெடுப்பினம். நிறைக்கு இந்த நேர்க் கணக்குச் சரிவராது, ஏனெண்டா ஒரு வயசு ஆண் குழந்தைக்கு நடு 9.6 கிலோ, −2 கோடு 7.7, +2 கோடு 12.0, கீழ 1.9 தூரம், மேல 2.4 தூரம், ரெண்டு பக்கமும் சமம் இல்லை.

கல்குலேட்டரில செய்யிறவைக்கு ஒண்டு. விலகலுக்கு ரெண்டு பட்டன் இருக்கும், சிக்மா எக்ஸ் ஒண்டு, எஸ் எக்ஸ் ஒண்டு. முதலாவது 5 ஆல பிரிக்கும், ரெண்டாவது 4 ஆல, அதாவது எண்ணிக்கையில ஒண்டு குறைச்சு. எங்கட முதல் வகுப்புக்கு ஒண்டில 10 வரும், மற்றதில 11.18 வரும். முழு ஆக்களின்ர தரவும் கையில இருந்தா சிக்மா, பெரிய கூட்டத்தில இருந்து கொஞ்சப் பேரை மட்டும் எடுத்து மொத்தத்தைப் பற்றி ஊகிக்கிறதெண்டா எஸ். ஏ எல் மாதிரி ஆயிரக்கணக்கில ஆக்கள் எழுதின இடத்தில ரெண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

ரிசல்ட்ஸ் வர முதலே "உங்கட புள்ளியைப் போடுங்கோ, இசட் சொல்லுறம்" எண்டு வாற பக்கங்களில நேரத்தை மினக்கெடுத்தாதேங்கோ. எல்லாற்ற பேப்பரும் திருத்தி முடியாம அந்த வருசத்து இடையும் விலகலும் ஒருத்தருக்கும் தெரியாது, அவை போடுறது பழைய வருசத்து இலக்கம், இல்லாட்டி சும்மா குத்துமதிப்பு.